ஒரு நாள் தவறிய வேன்

ரெஜினால்டின் முகம் புக்கிட் காத்தில் ஊரில் பதினொரு இடங்களில் தொங்கியது. அவன் வீடு விற்றுத் தரும் முகவர். விளக்குக் கம்பம், மரம், பள்ளிக்கூட வேலி என்று விளம்பரப் பலகை கட்ட முடிந்த இடத்திலெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினான். முகத்துக்குக் கீழே கைப்பேசி எண். எண்ணுக்குக் கீழே மூன்று மொழியில் ஒரே வாக்குறுதி: இருபத்து நான்கு மணி நேரமும் இடைவிடாத சேவை.

அந்த எண்ணை ஜெயமேரி ஒரே ஒரு தடவை நம்பி அழைத்திருக்கிறாள். அவள் கணவன் கிளீட்டஸுக்குப் பொழுது விடியும் முன்னே மூச்சு முட்டிய நாள் அது. ரெஜினால்ட் கிளீட்டஸின் கூடப் பிறந்த தம்பி. நாலு தெரு தள்ளித்தான் வீடு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்து கிளீட்டஸை ஏற்றிப் போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ரெஜினால்ட் கூப்பிட்டான்.

"அண்ணி, மிஸ்ட் கால் இப்பதான் பாத்தேன். என்னா, வீடு விக்கிற ஐடியாவா?"

அன்றிலிருந்து அந்தப் பலகைகளைக் கடக்கும்போதெல்லாம் ஜெயமேரி முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள். நின்று, ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போவாள். அதில் அவளுக்கு ஒரு கசப்பான ருசி இருந்தது.

கிளீட்டஸ் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. நம் ஆட்களுக்கு வருஷம் திரும்பினால் மூன்று காரியம் உண்டு: கோயிலில் நினைவுப் பூசை, வீட்டில் சாப்பாடு, தமிழ்ப் பேப்பரில் விளம்பரம். முதல் இரண்டையும் ஜெயமேரியிடம் விட்டுவிட்டு, மூன்றாவதை ரெஜினால்ட் தானே எடுத்துக்கொண்டான். பூசையில் சாமியார் பெயரைச் சொன்னால் ஐம்பது பேர் கேட்பார்கள். பேப்பர் ஜொகூர் வரைக்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி ஷெர்லீன், கையில் கேக் பெட்டியுடன்.

"தண்ணி கலக்கவா, டீ குடிக்கிறீங்களா?" என்றாள் ஜெயமேரி.

"வேணாம் அண்ணி, டைம் இல்ல. இதுல ஒரு சைன் மட்டும். சம்சாரம் சைன் இல்லாம பேப்பர்காரன் எடுக்க மாட்டேங்குறான். ஐசி அடையாள கார்டு காப்பியும் வேணும்."

அவன் நீட்டியது கால் பக்க விளம்பரத்தின் மாதிரித் தாள். நடுவில் கிளீட்டஸின் படம். கண்ணாடி போட்டு, சட்டையின் மேல் பொத்தானை மாட்டி, யாரையோ நம்பாதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயமேரி மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷம் ஞாயிறு பூசையில் தமிழ் வாசகம் வாசித்தவள். எதையும் மேலோட்டமாகப் படிக்க அவளுக்கு வராது.

நீங்கா நினைவில், என்று ஆரம்பித்தது. இமைப்பொழுதும் பிரியாத அன்பு மனைவி ஜெயமேரி. பாசம் மாறா மகன் கெவின். அதற்கடுத்து, எழுத்து சற்றே தடித்து: அல்லும் பகலும் இடைவிடாது உடனிருந்து, இறுதி மூச்சுவரை கண்ணை இமை காப்பதுபோல் காத்து நின்ற அன்புத் தம்பி ரெஜினால்ட், ஷெர்லீன் குடும்பத்தினர். கடைசியில் தொடர்புக்கு ஓர் எண். பதினொரு இடங்களில் தொங்கும் அதே எண்.

"செத்தவர எதுக்குத் தொடர்பு கொள்ளணும்?" என்றாள் ஜெயமேரி.

"அது ஃபார்மாட் அண்ணி."

"இடைவிடாதுன்னு போட்டிருக்கே, யாரு தம்பி அது?"

ரெஜினால்ட் சிரித்தான். பலகையில் சிரிக்கும் அதே சிரிப்பு. பல்லெல்லாம் சரியாக எண்ணி வைத்ததுபோல் இருக்கும். "எல்லாரும்தான் அண்ணி. ஃபேமிலி."

அண்ணன் சிறுநீரகம் கெட்டுக் கிடந்த ஆறு வருஷத்தில் அவன் அந்த வீட்டுக்கு இரண்டு முறை வந்தான். ஜெயமேரிக்கு இரண்டும் தேதியோடு ஞாபகம் இருந்தது. முதல் முறை ஒரு பெரிய தார் பிசாங் மாஸ் கொண்டுவந்தான். சிறுநீரகம் போனவன் வாழைப்பழத்தைத் தொடக் கூடாது என்று சீனக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். கிளீட்டஸ் அதைப் பார்த்து, "தம்பி சீக்கிரமா முடிச்சு வைக்கலாம்னு பாக்குறான்," என்று சிரித்தார். இரண்டாம் முறை அண்ணன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதே கைப்பேசியில் கோயில் குழுவில் போட்டுவிட்டான். அண்ணனுக்காக ஜெபியுங்கள் என்று கீழே ஒரு வரி.

"மருதமுத்து பேர் இல்லையே," என்றாள் ஜெயமேரி.

"எந்த மருதமுத்து?"

"வேன் ஓட்டுறவரு."

ஷெர்லீன் கணவனைப் பார்த்தாள். ரெஜினால்ட் இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தான். "அண்ணி, டிரைவர் பேர போட்டா அப்பறம் நர்ஸ் பேரு, குப்பை கூட்டுறவன் பேரு எல்லாம் போடணும். இது ஃபேமிலி பேஜ் லா. அதுவும் அவங்க வேற ஆளுங்க. நாளைக்கு நாலு பேரு என்னா நெனைப்பான்?"

"அக்கா, அவருக்கு வேணும்னா ஒரு சட்டைத் துணி எடுத்துக் குடுத்துருங்க," என்றாள் ஷெர்லீன். கேக் பெட்டியை மேசைமேல் ஓர் அங்குலம் தள்ளி வைத்தாள், அதுவும் கணக்கில் சேர்ந்தாற்போல.

ஜெயமேரி தாளை மடித்தாள். "வச்சிட்டுப் போங்க. படிச்சிட்டு நானே கொண்டு போய்க் குடுக்குறேன்."

"இப்ப சைன் பண்ணா..."

"படிக்கணும் தம்பி."

அன்று சாயங்காலம் கெவின் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். ஞாயிறு தோறும் கூப்பிடுவான். "சைன் பண்ணிடுங்கம்மா. சித்தப்பாகூட எதுக்கு பிராப்ளம்? பேப்பர்ல யாரு உண்மைய போடுறா?"

பாசம் மாறா மகன் சொன்னதிலும் தப்பில்லை. பேப்பரில் யாரும் உண்மையைப் போடுவதில்லை. ஆனாலும் ஜெயமேரிக்கு இடைவிடாது என்ற அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பெம்பான் பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில் பாலர் பள்ளி நடத்திய காலத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் அதற்கு உரியவனையும் சேர்த்துக் காட்டுவாள். ஓயாமல் என்றால் டிசம்பர் மழை. விடாமல் என்றால் நாய் செருப்பைக் கவ்வுவது. தொடர்ந்து என்றால் வரிசையில் போகும் எறும்பு. நடுவில் ஒன்று நின்றாலும் வரிசை நிற்காது. இடைவிடாமல் என்பதற்கு அப்போது அவளிடம் ஆள் இல்லை. மூச்சு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

பிற்பாடுதான் ஆள் கிடைத்தது. டவுனில் இரத்தம் சுத்திகரிக்கும் மையத்தில், கிளீட்டஸின் கைப்பக்கம் நின்ற இயந்திரம். நாலு மணி நேரம் இரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். ஒரு நொடி தயங்கினாலும் தானே கூவும். அதற்கு அந்தச் சொல்லைச் சூட்டலாம். அதற்கும் நாலு மணி நேரத்துக்குத்தான்.

மற்றபடி அவர்கள் பட்டதெல்லாம் விட்டுவிட்டுத்தான். திங்கள், புதன், வெள்ளி. காலை ஒன்பதரைக்குத் தெருமுனையில் ஒரு தடவை ஹார்ன். வெள்ளை வேன், கதவைத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். மருதமுத்து இறங்கி வந்து கையைக் கொடுப்பான். கிளீட்டஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மையத்தில் குளிரும் என்பதற்காக மறு கையில் நீலப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு, ஏறுவார். மருதமுத்து பெம்பான் தோட்டத்துப் பிள்ளை. கிளீட்டஸ் அங்கே கணக்கு எழுதும் கிராணியாக இருந்தபோது, எடை போடும் கொட்டகையில் தூங்கியதற்காக அவனை ஒரு நாள் விரட்டியிருக்கிறார்.

"அப்ப நீ பொழுதன்னைக்கும் தூங்குன, இப்ப நான் தூங்குறேன்," என்பார் ஏறும்போது.

"தூங்குங்க கிராணி. எடை போட நான் இருக்கேன்ல?" என்பான் அவன்.

வெள்ளம் வந்த வாரம் சுற்றிக்கொண்டு வந்தான். ஊரடங்கில் ஒவ்வொரு போலீஸ் தடுப்பிலும் மையத்துக் கடிதத்தைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டிக்கொண்டே வந்தான். தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு வந்தான்.

திங்கட்கிழமை காலை அதே ஒன்பதரைக்கு ஜெயமேரி தெருமுனையில் போய் நின்றாள். கடைசி வரிசை வீட்டு நல்லமுத்துவை ஏற்ற இப்போதும் அந்த வேன் வருகிறது. மருதமுத்து கண்ணாடியை இறக்கினான். தலையில் கிளீட்டஸின் பழைய சாம்பல் நிறத் தொப்பி.

"என்னாக்கா, வெயில்ல?"

அவள் வீட்டில் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். ஆறு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் உடன் வந்த சகோதரர் மருதமுத்து, என்று எழுதியிருந்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தான் அவன். படித்து முடித்ததும் முகம் சுருங்கியது.

"இது வேணாம்க்கா."

"ஏன்?"

"மொதல்ல, பேப்பர் சாவு பக்கத்துல என் பேரு வந்தா என் சம்சாரம் ஜெயா ஒரு மாசம் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா." சிரித்தான். அப்புறம் சிரிப்பை விட்டான். "ரெண்டாவது, இது பொய். ஒரு நாள் நான் வரலியே."

"எப்ப?"

"எங்கம்மா செத்த புதன்கிழம. மச்சான அனுப்புனேன். மறந்துட்டீங்களா? அவன் வண்டிய குலுக்கி எடுத்துட்டான்னு கிராணி ஒரு வாரம் திட்டுனாரு."

அவளுக்கு நினைவு வந்தது. இரண்டே நாளில், வெள்ளிக்கிழமையே மருதமுத்து மொட்டைத் தலையோடு வந்து நின்றான். கருமாதிகூட முடியவில்லை. கிளீட்டஸ் உள்ளே திரும்பிப் போய், சாம்பல் நிறத் தொப்பியை எடுத்து வந்து அவன் தலையில் வைத்துவிட்டு ஏறினார்.

"அம்மா செத்ததுக்கு வராம இருந்தா அது தவறுனதா?" என்றாள்.

"வரல்ல, அவ்ளோதானே. வராத நாள வந்தேன்னு போட்டா கிராணி ஒத்துக்க மாட்டாரு. ஒரு தேங்காய்க்கு எடை தப்பா போட்டதுக்கே என்ன பாட்டு பாடுன மனுசன்." உள்ளேயிருந்து நல்லமுத்து இருமினார். "நேரமாச்சுக்கா. வேணும்னா வேனுன்னு போடுங்க. வண்டிக்கு ஜெயா கோவிச்சுக்க மாட்டா."

வேன் போன பிறகும் ஜெயமேரி அங்கேயே நின்றாள். எதிர் விளக்குக் கம்பத்தில் ரெஜினால்ட் இருபத்து நான்கு மணி நேரமும் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாளை விட்டவனுக்கு அந்தச் சொல் கூசுகிறது. இவனுக்குக் கூசவில்லை. கூசுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை டவுனுக்கு பஸ் ஏறினாள். பேப்பருக்கு விளம்பரம் எடுக்கும் சுகுமாரன், மாலைக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுக்கடை வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம், கருமாதிப் பத்திரிகை மறுபக்கம். நடுவில் அவன், வாயில் பாதி கறி பாப் பலகாரம்.

"ரெஜினால்ட் பாஸோட அண்ணியா? உக்காருங்கம்மா. சைன் போட்டாச்சா? பாஸ் பதினேழாம் நம்பர் எடுத்திருக்காரு. நல்ல நம்பர்."

"பதினேழாம் நம்பரா?"

அவன் ஒரு தடித்த கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான். பிளாஸ்டிக் உறைகளில் வாசகங்கள், எண் போட்டு. ஒன்று, நீங்கா நினைவு. நான்கு, அணையா தீபம். ஒன்பது, அலைகள் ஓய்ந்தாலும் எங்கள் கண்ணீர் ஓயாது. பதினேழில் அப்படியே இருந்தது: அல்லும் பகலும் இடைவிடாது உடனிருந்து, கண்ணை இமை காப்பதுபோல். பெயருக்கு மட்டும் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தது.

"பதினேழு ரொம்ப ஓடுதும்மா. போன மாசம் மட்டும் நாலு பேரு."

நாலு பேர் அல்லும் பகலும் இடைவிடாது உடனிருந்தார்கள், ஒரே மாதத்தில், ஒரே அச்சுக்கடையில். ஜெயமேரிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்தில் வாய்விட்டு வந்த முதல் சிரிப்பு அது. சுகுமாரன் பயந்து தண்ணீர் எடுக்கப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள், பதினேழாம் நம்பர் தாளை உறையிலிருந்து உருவித் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதத் தொடங்கியிருந்தாள். இமைப்பொழுதும் பிரியாத மனைவி என்பதை எழுதவில்லை. கிளீட்டஸ் இறந்த அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் லூபோக் சீனா என்ற ஊரில் இருந்தாள். தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். போகமாட்டேன் என்றவளை, "போய்ட்டு வா. ரெண்டு நாள் உன் மூஞ்சியப் பாக்காம நிம்மதியா இருந்துக்கிறேன்," என்று கிளீட்டஸ்தான் அனுப்பி வைத்தார். அங்கே அவள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, இங்கே மையத்து நாற்காலியில் அவர் கண்ணை மூடினார். பக்கத்தில் மருதமுத்து இருந்தான். நீலப் போர்வையையும் செருப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். அவள் வந்து சேரும்வரை அந்தச் செருப்பைக் கீழே வைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அன்று ஊருக்குப் போனதற்கு அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. அதற்காக பேப்பரில் பொய் எழுதி மன்னிப்பு வாங்க மனமில்லை.

சுகுமாரன் வாங்கிப் படித்தான். கறி பாப்பை மெல்வதை நிறுத்தினான்.

"அம்மா, இந்தக் கடைசி வரி... தம்பி ரெஜினால்ட், இரண்டு முறை வந்தவர். இத பேப்பர்ல போட்டா பாஸ் என் கடைய மூடிருவாருமா."

"பொய்யா அது?"

"பொய்யோ மெய்யோ, இத யாருமா போடுவா?"

ஜெயமேரி தாளைத் திருப்பி வாங்கினாள். பிறகு, இரண்டு முறை வந்தவர் என்ற மூன்று சொல்லையும் அடித்தாள். சுகுமாரன் பெருமூச்சு விட்டான். இரக்கப்பட்டு அடித்தாள் என்று நினைத்திருப்பான். அவளுக்கு அந்த இரண்டைக்கூட ரெஜினால்ட் பெயருக்குப் பக்கத்தில் எழுதித் தர மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டாள். தொடர்புக்கான எண்ணையும் எடுத்துவிடச் சொன்னாள்.

சனிக்கிழமை பேப்பரில் வந்தது. வலப்பக்கம் யாரோ ஒரு முனுசாமிக்கு ஒன்பதாம் நம்பர் அலைகள். இடப்பக்கம் இன்னொருவருக்குப் பதினேழு. நடுவில்:

கிளீட்டஸ். ஆறு ஆண்டுகள், திங்கள், புதன், வெள்ளி. ஒரு நாள் தவறி, மற்ற எல்லா நாளும் வாசலுக்கு வந்த வேனுக்கு நன்றி. கடைசி வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் இருந்தவர் அந்த வேனை ஓட்டியவர். மனைவி ஜெயமேரி லூபோக் சீனாவில் இருந்தாள். மகன் கெவின். தம்பி ரெஜினால்ட்.

அன்று காலை நினைவுப் பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: யாரு அந்த வேன்காரர்? அந்தக் கேள்வியை ரெஜினால்டிடமும் கேட்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில், ஆட்டிறைச்சித் தட்டோடு சமையலறைக்கே வந்துவிட்டான்.

"என்னா அண்ணி இது? பேப்பர்லயா சண்ட போடுவாங்க? என் பேருக்கு முன்னால ஒரு வார்த்த இல்ல. மொட்டையா தம்பி ரெஜினால்டாம்! காலையிலேருந்து எல்லாவனும் வேன் வேன்னு கேக்குறான்."

"தம்பிதானே நீ? அது உண்மைதான்."

"இப்ப நான் என்னா சொல்றது மத்தவங்களுக்கு?"

"இடைவிடாம எதையாச்சும் சொல்லிக்கிட்டு இரு. உனக்கு வரும்."

ஷெர்லீன் வந்து அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் போகவில்லை. "அடுத்த வருஷம் நானே தனியா போடுறேன். அரப் பக்கம். கலர்ல."

"போடு தம்பி," என்றாள் ஜெயமேரி, சாம்பாரைக் கிண்டிக்கொண்டே. "பதினேழாம் நம்பர் கேளு. நல்லா ஓடுதாம்."

அப்போது தெருவில் ஒரு தடவை ஹார்ன் கேட்டது. ஜெயமேரியின் கை தானாக அடுப்பை அணைத்தது. ஆறு வருஷப் பழக்கம்.

வாசலில் மருதமுத்துவும் அவன் மனைவி ஜெயாவும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயா கையில் பேப்பர் மடித்து வைத்திருந்தாள். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்து ஜெயமேரியால் சொல்ல முடியவில்லை.

"பேரு இல்லக்கா, அதனால தப்பிச்சாரு," என்றாள் ஜெயா. "ஆனா அந்த ஒரு நாள போட்டீங்க பாருங்க. எங்க மாமியாரு செத்த நாளு. அத யாரும் ஞாபகம் வச்சுக்கல. அவரோட அண்ணன் தம்பிங்க கூட."

புரட்டாசி சனி. அதற்காகத் தனியாக வைத்திருந்த சாம்பாரையும் கோசுப் பொரியலையும் ஜெயமேரி இருவருக்கும் பரிமாறினாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அந்தச் சாம்பல் நிறத் தொப்பியைப் பார்த்தார்கள். கோயில் தலைவர் எழுந்து வந்து கை கொடுத்தார். மருதமுத்து சாம்பார்க் கையை என்ன செய்வது என்று தெரியாமல் இடது கையை நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டான்.

வெளியே ரெஜினால்டின் குரல் கேட்டது. "யார் வேன் இது? என் காடிய வெளிய எடுக்கணும். மறிச்சுப் போட்டா எப்படி?"

மருதமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்தான்.

"உக்காருங்க," என்றாள் ஜெயமேரி.

"இல்லக்கா, மணி ரெண்டரை. சனிக்கிழம ஆளுங்கள மூணு மணிக்கு ஏத்தணும். மிச்சத்த கட்டிக் குடுங்க."

அவள் கட்டிக் கொடுத்தாள். ஜெயா கதவைத் தூக்கி இழுத்து ஏறினாள். தெருவின் குறுக்கே ரெஜினால்ட் இடுப்பில் கை வைத்து, பலகையில் இல்லாத ஒரு முகத்தோடு நின்றான். அவனைச் சுற்றிக்கொண்டு வேன் மெதுவாகப் போய், முனையில் திரும்பியது. நேரம் தவறவில்லை.